நூற்று இருபத்தோராவது மீன்

காலையில் வாளிகளைக் கழுவும் வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சோப்பு போடக் கூடாது. மணலும் ஆற்றுத் தண்ணீரும் போதும். மூன்று முறை அலசி, மூன்றாவது அலசலை உள்ளங்கையில் எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். துளி சோப்பு மிச்சமிருந்தாலும் இருபது மீன்கள் வாயைத் திறந்து மூடியபடியே செத்துப்போகும். ஐந்து கோடைகளில் என் வாளியில் அப்படி ஒரு மீன்கூடச் சாகவில்லை. என்னைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்கில் நீங்கள் பலதும் கேட்டிருப்பீர்கள். கவனமில்லாதவள் என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க முடியாது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்ற பலவற்றில் உண்டு.

அந்தக் கருவி பதிவு செய்கிறது என்றால் தேதிகளை மெதுவாகச் சொல்கிறேன். உங்கள் விசாரணைக் கோப்பில் ஓர் எண் தவறாக இருக்கிறது. போன வருஷம் ஆகஸ்டில் இதே அறையில் நான் சொன்ன எண்தான். அதைத் திருத்தத்தான் வந்தேன். ஆனால் திருத்தத்தை மட்டும் சொன்னால் அது விநோதமாகத் தெரியும். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் எர்லிண்டா ஸாமோரா. வயது இருபத்தாறு. ரியோ கிராண்டே ஆற்றில், சான் லிபோரியோ அணைக்கட்டுக்குக் கீழே, வற்றும் குட்டைகளிலிருந்து மீன்களை எடுத்து ஓடும் தண்ணீரில் விடும் குழுவில் வேலை. செவ்வாய், வியாழன் மாலைகளில் புள்ளியியல் வகுப்புக்குப் போகிறேன். அங்கே பழக்கியபடி தினமும் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுவேன்: பார்த்தது, செய்தது, உறுதியில்லாதது. மூன்றாவது வரிதான் எப்போதும் நீளமாக இருக்கும்.

மீனைப் பற்றி உங்களுக்குத் தெரியும். விரல் நீளம்கூட இல்லாத வெள்ளிக்கெண்டை. ஒரு காலத்தில் இந்த ஆறு முழுக்க இருந்தது. இப்போது இந்த ஒரு நீட்டத்தில் மட்டும்தான் மிச்சம். அணைக்கட்டின் மதகைத் திறந்தால் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும். மூடினால் ஆற்றில் போகும். ஜூலையில் இரண்டுக்கும் போதாது. மதகு திறந்த ஒன்றரை நாளில் கீழே முப்பது மைல் ஆறு துண்டு துண்டாக அறுந்து குட்டைகளாகிவிடும். ஒவ்வொரு குட்டையிலும் மீன்கள் அடைபட்டுக் கிடக்கும். வெயில் ஏற ஏறத் தண்ணீர் சூடாகும். காலை ஒன்பது மணிக்குக் கை வைக்க முடிகிற தண்ணீர், ஒரு மணிக்குச் சமைக்கிற தண்ணீர்.

விதி எளிது. குட்டையில் செத்துக் கிடக்கும் வளர்ந்த மீன்களை எண்ண வேண்டும். ஒரு கோடையில் நூற்று இருபதைத் தாண்டினால் பாசன வாரியம் மதகை இறக்கியே ஆக வேண்டும். மறுபரிசீலனை முடியும்வரை ஆறு ஓடும். பண்ணையில் வளர்த்து விட்ட மீன்களுக்கு முதுகுத் துடுப்பருகே சிவப்புப் புள்ளி குத்தியிருப்பார்கள்; அவை கணக்கில் வராது. நாங்கள் வண்டியில் கொண்டுபோகும்போது சாகிறவையும் வராது. ஆற்றிலேயே பிறந்து, குட்டையிலேயே செத்தவை மட்டும்.

அந்த எண்ணை ஒரு கோடையிலும் தொட்டதில்லை. அதிகபட்சம் அறுபத்து நான்கு. வாரியத்துக்காரர்கள் ஒவ்வோர் அக்டோபரிலும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். விவசாயிகள் மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் நாலு அறுப்பு அறுப்பார்கள். ஆறு மட்டும் ஒவ்வொரு கோடையும் முப்பது மைல் செத்துப் பிழைக்கும். மீன்கள் ஒவ்வோர் ஆண்டும் முந்தின ஆண்டைவிடக் குறையும். நான் வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். அந்தக் கோடு ஒன்பதாவது ஆண்டில் தரையைத் தொட்டது. மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது, பத்து, ஒன்பது.

எண் ஏன் ஏறவில்லை என்று ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்தேன். காரணம் ஒரே ஓர் ஆள். கீனோ மாமா.

முழுப்பெயர் டிரான்கிலினோ அரகோன். அணைக்கட்டின் நீர்க்கட்டி, அதாவது மதகைத் திறந்து மூடுகிறவர். என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மதகு திறக்கப்போவதாக வாரியம் எங்கள் அலுவலகத்துக்குக் காகிதம் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் காகிதம் வந்து சேர இரண்டு நாள் ஆகும். அதற்குள் குட்டைகள் வெந்துவிடும். அதனால் கீனோ மாமா யாரையும் கேட்காமல், முந்தின நாள் சாயங்காலமே என் கைபேசிக்குக் கூப்பிட்டுவிடுவார். எந்த விதியிலும் எழுதப்படாத பழக்கம்.

"லிண்டா, நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு மதகைத் தூக்குறேன். உன் கொழந்தைங்களைப் போய் அள்ளிக்கோ. வளைவுக்குக் கீழ இருக்கிற குட்டை மொதல்ல அறும், அங்கேர்ந்து ஆரம்பி. அந்த வெள்ளைக்காரனை நம்பி நிக்காத, அவன் காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மீனு கருவாடாயிரும்."

வெள்ளைக்காரன் என்றது எங்கள் குழுத்தலைவர் ஹால்வர்சனை. நல்ல மனிதர், மெதுவானவர். மாமா சொன்ன குட்டைதான் எப்போதும் முதலில் அறும். நாங்கள் நேரத்துக்குப் போய் இழுவலை போட்டு உயிரோடு எடுத்துவிடுவோம். எண் அறுபதை ஒட்டியே நிற்கும். மதகு திறந்தே இருக்கும்.

மாமா கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. மீன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும் ஏற்பாட்டுக்கு அவர் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அது அவருக்குத் தெரியாது. அவருக்கு எட்டு ஏக்கர் குதிரைமசால் இருந்தது என்பதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். நான் எடுத்தேன்.

போன வருஷம் ஜூலை மூன்றாம் தேதி அவர் கூப்பிட்டபோது கைபேசி மேஜைமேல் அதிர்ந்துகொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை. குரல்பதிவு விட்டார். கேட்டேன், அழித்தேன். ஹால்வர்சனிடம் சொல்லவில்லை. காகிதம் வந்த பிறகுதான் போனோம். முதல் குட்டையில் நாற்பத்தொரு மீன்கள் வெள்ளை வயிறு காட்டிக் கிடந்தன. அதில் சிவப்புப் புள்ளி இருபத்தெட்டு. கணக்கில் வந்தது பதின்மூன்று. ஹால்வர்சன் கரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நோட்டின் மூன்றாவது வரியில், 'இது போதுமா' என்று எழுதினேன்.

ஜூலையில் இன்னும் மூன்று முறை அப்படி நடந்தது. மாமா ஒவ்வொரு முறையும் கூப்பிட்டார். கடைசிப் பதிவில் அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"என்ன தாயி, போனையே எடுக்க மாட்டேங்கிற. கோவமா? நான் எதுவும் சொல்லலையே. நாளைக்கு ஆறரைக்கே தூக்கச் சொல்லிட்டானுங்க. சீக்கிரம் போ. போன தடவை ரொம்பச் செத்துப்போச்சாமே, ஊரே பேசுது. எனக்குச் சோறு எறங்கல."

அதையும் அழித்தேன்.

ஊரில் அதற்குள் விஷயம் பரவியிருந்தது. எண் தொண்ணூறைத் தாண்டியதும் என்னைப் பார்க்கும் பார்வை மாறியது. பெட்ரோல் பங்கில் கடை வைத்திருக்கும் எலோய்சாவிடம் நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே காப்பி வாங்குகிறேன். பங்குக்குப் பின்னால் அவளுக்கு ஒரு மிளகாய்த் தோட்டம். அன்று காப்பி ஊற்றாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"காப்பிக்குத் தண்ணி வேணும்டி. தண்ணி இல்ல. எல்லாம் உன் மீனுக்குக் குடுத்தாச்சு."

"இன்னும் மதகு மூடலையே, எலோய்சா."

"மூடத்தானே எண்ணிக்கிட்டிருக்க? விரல் விட்டு விரல் விட்டு எண்ணு. உங்கப்பன் நெலத்துல வெளஞ்ச மிளகாயைத் தின்னுட்டு, அதே நெலத்தைக் கொல்ல எண்ணுறியே. அந்த மீனைக் குழம்பு வெச்சாக்கூட ஒரு பூனைக்குக் காணாது."

பின்னால் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். ஒருவன் வாயை மீன்போல் திறந்து மூடிக் காட்டினான். மறுநாள் என் வண்டிக் கண்ணாடியில் அழுகிய கெண்டை ஒன்றை யாரோ அறைந்து வைத்திருந்தார்கள். இந்த மக்களை எனக்குப் பிடிக்காது. நானும் அவர்களில் ஒருத்திதான், அதனால் இதைச் சொல்லும் உரிமை இருக்கிறது. அவர்கள் எதையும் எண்ணுவதில்லை. தண்ணீர் வந்தால் கடவுள் கொடுத்தார், வராவிட்டால் நான் எடுத்தேன்.

ஜூலை முப்பதில் எண் தொண்ணூற்றெட்டில் நின்றது. மறுநாள் தெற்கே மேகம் கட்டியிருந்தது. ஒரு மழை பெய்தால் குட்டைகள் ஒன்றுசேர்ந்துவிடும், அந்தக் கோடை அதோடு முடிந்துபோகும். தொண்ணூற்றெட்டு என்பது ஒன்றுமில்லை. தொண்ணூற்றெட்டு மீன்கள் வீணாகச் செத்தன என்று ஆகிவிடும். நான் கொடுத்தவற்றை வீணாக்க எனக்கு மனமில்லை.

அன்று ஹால்வர்சன் வண்டியில் தொட்டியை நிரப்பப் போயிருந்தார். நான் கடைசிக் குட்டையில் தனியாக இருந்தேன். வாளியில் முப்பத்தாறு மீன்கள் உயிரோடு இருந்தன. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் துடுப்பருகே பார்த்தேன். சிவப்புப் புள்ளி இல்லாதவையாக, வளர்ந்தவையாக, இருபத்து மூன்றைப் பிரித்தேன். இருபத்து மூன்று போதும். அதற்கு மேல் ஒன்றுகூட எடுக்கவில்லை. வளர்ந்தவை என்றால் அடுத்த வசந்தத்தில் முட்டையிடக்கூடியவை. அது எனக்குத் தெரியும். சின்னவை கணக்கில் வராது.

குட்டையின் ஓரச் சேற்றில் அவற்றை வரிசையாக வைத்தேன். கொட்டவில்லை. வைத்தேன். பதினொரு நிமிடம் ஆனது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், விட்டுவிட்டுப் போகவில்லை. மிச்சம் பதின்மூன்றும் நன்றாக இருந்தன. அவற்றை அன்றே ஓடும் தண்ணீரில் விட்டேன்.

நூற்று இருபத்தொன்று. இரண்டு முறை எண்ணினேன். ஹால்வர்சன் வந்து அவரும் எண்ணினார்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி மதகு இறங்கியது. மூன்றாம் தேதி மதியம் ஆறு வளைவைத் தாண்டி வந்தது. முன்னால் நுரையும் குச்சியுமாக ஒரு கோடு, பின்னால் காப்பி நிறத் தண்ணீர். மழை வரவே இல்லை. நான் மணலில் நின்றிருந்தேன். கணுக்காலைத் தொட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நாள்தான். அன்றைக்கு மூன்றாவது வரியில் எதுவும் எழுதவில்லை.

பிறகு விசாரணைக் கூட்டம் என்றார்கள். ஆகஸ்ட் பதினைந்து, வியாழக்கிழமை. இத்தனை மீன்கள் ஏன் செத்தன என்று பார்ப்பதற்கு. வாரியம் சொன்னது, தங்கள் ஆள் தகவல் கொடுத்தும் மீட்புக் குழு தாமதமாகப் போயிருந்தால் அந்தச் சாவுகள் குழுவின் அலட்சியம்; அவை எண்ணில் சேரா; மதகு மறுபடி திறக்கப்படும். தகவல் கொடுத்ததற்கு ஆதாரம் இருக்கிறதா என்று எங்கள் அலுவலகம் கேட்டது. காகிதத்தைத் தவிர வேறு இல்லை. அப்போதைக்கு.

திங்கட்கிழமை காலை கீனோ மாமா ஆற்றுக்கு வந்தார். நான் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பெண்சாதி சுட்ட ரொட்டியில் பச்சை மிளகாயும் பீன்ஸும் வைத்துச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். பாதியை எனக்குப் பிய்த்துக் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் சண்டை போட வருகிறவர்கள் எப்போதும் முதலில் சாப்பாடு கொடுப்பார்கள்.

"தின்னு. கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு."

தின்றேன்.

"நான் நாலு தடவை கூப்பிட்டேன் லிண்டா. போன்ல இருக்கு. தேதி, மணி எல்லாம் இருக்கு. பேத்திதான் எடுத்துக் காமிச்சா. எனக்கு அந்தச் சனியன்ல பேச மட்டும்தான் தெரியும்."

"தெரியும் மாமா."

"வியாழக்கிழமை அதைக் காமிக்கச் சொல்றானுங்க. காமிச்சா உன் வேலை போயிரும். காமிக்கலைன்னா ஊரு வயலு போயிரும். எலோய்சா மிளகாய்ல பூவெல்லாம் கொட்டிப்போச்சு, பாத்தியா? நீயே சொல்லிரு. மறந்துட்டேன்னு சொல்லு. மனுஷங்க மறக்கிறதுதான். நானும் பக்கத்துல நின்னு, ஆமாங்க, சின்னப் புள்ள, ராத்திரிப் படிப்பு வேற, மறந்திருச்சுன்னு சொல்றேன். யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"நான் எதையும் மறந்ததில்ல மாமா."

மாமா மெல்லுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு அப்போது புரிந்தது என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

"அந்த மீனுங்க உன்னை என்ன பண்ணுச்சு, தாயி?" என்று கேட்டார்.

நான் வாளியை மூன்றாவது முறை அலசினேன். அவர் போய்விட்டார். அந்தக் கேள்வி நியாயமில்லை என்று அன்று எழுதிவைத்தேன். ஊர் முழுக்கத் தண்ணீரை எடுத்துக்கொண்டிருந்தபோது யாரும் அவர்களிடம் அப்படிக் கேட்கவில்லை.

நான் செய்ததைச் சரியாக அளவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் உலகத்தில் மிச்சமிருக்கும் ஓர் இனம். இன்னொரு பக்கம் அறுபத்து மூன்று வயதான ஓர் ஆள், சர்க்கரை வியாதி, ஒரு கைபேசி. கைபேசியை மட்டும் எடுக்க முடியுமா என்று செவ்வாய்க்கிழமை முழுக்க யோசித்தேன். அதை அவர் சட்டைப் பையை விட்டு எடுப்பதே இல்லை. நானும் வேறு வழிதான் தேடினேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மதகு இறங்கிய காலத்தில் நீர்க்கட்டிகள் வாய்க்காலைச் சுத்தம் செய்வார்கள். சாலைக்கு அடியில் போகும் குழாய்ப்பாலத்தின் வாயில் ஒரு கம்பித்தடுப்பு உண்டு. அதில் காற்றில் உருண்டு வரும் முள்பந்தும் செத்தையும் வந்து அடைக்கும். ஆள் உள்ளே இறங்கித்தான் பிடுங்க வேண்டும். அறுபது தப்படி மேலே, வாய்க்கால் திரும்பும் இடத்தில், வாய்க்கால் மதகின் சக்கரம். இரண்டுக்கும் நடுவில் வில்லோ புதர். சக்கரத்தடியில் நிற்கிறவனுக்குக் கீழே இருப்பவன் தெரிய மாட்டான். அதனால் இங்கே ஒரு வழக்கம். இறங்குகிறவன் தன் தொப்பியைச் சக்கரத்தில் மாட்டிவிட்டு இறங்குவான். தொப்பி இருந்தால் சக்கரத்தை யாரும் தொட மாட்டார்கள். தொப்பி இல்லை என்றால் கீழே ஆள் இல்லை. கூப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் கிடையாது. சங்கிலி, பூட்டு எதுவும் கிடையாது. வாரியம் ஒருமுறை சிவப்புப் பலகை கொடுத்தது. அதைக் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கிவிட்டார்கள்.

மதகு மூடியிருந்தாலும் மாடுகளுக்காகப் புதன்கிழமை பத்து மணிக்கு ஒரு மணிநேரம் வாய்க்காலில் தண்ணீர் விட அனுமதி உண்டு. சக்கரத்தைத் திருப்புவது பக்கத்துப் பகுதி நீர்க்கட்டி ஒனெசிமோ. கீனோ மாமாவுக்கு அது தெரியும். ஒன்பதரைக்கெல்லாம் ஏறிவிடுவார்.

புதன் காலை ஒன்பது இருபதுக்குப் போனேன். இல்லை, ஒன்பது பதினெட்டு. மாமா முள்ளைப் பிடுங்கி முடித்து ஏறத் தயாராக இருந்தார். முட்டிவரை சேறு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒத்துக்கொள்ள வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"தடுப்புக்குப் பின்னாடி தேங்கின தண்ணியில மீனு இருக்கு மாமா" என்றேன். "போன வாரம் விட்ட தண்ணியோட வந்திருக்கு."

அது பொய்யில்லை. மீன் விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை. பதினொன்று இருந்தன. முந்தின நாள் மாலையே போய்ப் பார்த்து எண்ணிவைத்திருந்தேன்.

"அட, ஆமா" என்று குனிந்தார். "இந்தப் பாவிப்பயலுங்க இங்கயும் வந்துட்டானுங்களா. வாளியைக் குடு. வலை வேணாம், கிழிஞ்சிரும். கையாலயே வழிச்சிரலாம்."

பெரிய கைகள். ஆனால் மெதுவாக எடுத்தார். ஏழு மீன்களை வாளியில் சேர்த்து மேலே நீட்டினார்.

"இதை ஆத்துல விட்டுட்டு வாளியக் கொண்டா. இன்னும் நாலஞ்சு இருக்கு, கம்பிக்கு அந்தப் பக்கம் ஒளிஞ்சுக்கிச்சு. மணி என்ன?"

"ஒன்பதே கால்" என்றேன். ஒன்பது நாற்பத்திரண்டு ஆகியிருந்தது. அவர் கைபேசியை எடுத்துப் பார்க்கவில்லை. கை ஈரமாக இருந்தது.

கரையேறிச் சக்கரத்தைத் தாண்டித்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். தொப்பி இருந்தது. வைக்கோல் தொப்பி, முன்பக்கம் வியர்வைக் கறை. அதை எடுத்தேன். இருபது தப்படி தள்ளிச் சவுக்குப் புதரில், விளிம்பு கீழே இருக்கும்படி வைத்தேன். பறந்து வந்ததுபோல் தெரிவதற்காக ஓரத்தில் கொஞ்சம் மண் தேய்த்தேன். பிறகு ஆற்றுக்குப் போய், வாளித் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை நான்கு நிமிடம் காத்திருந்து, ஏழு மீன்களையும் விட்டேன். ஏழும் நீந்திப் போயின.

திரும்பி வந்தபோது ஒனெசிமோ வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். கீனோ மாமாவின் வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது, இங்கிருந்து தெரியாது. நான் காட்டன்வுட் மரத்தடியில் நின்றேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஒனெசிமோ சக்கரத்தைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். ஏதோ பாட்டு முனகிக்கொண்டே திருப்ப ஆரம்பித்தார். பதினான்கு சுற்று. எண்ணினேன். குழாய்ப்பாலத்துக்குள் தண்ணீர் நுழையும்போது எழும் சத்தம் பெரியது. அதற்கு மேல் வேறு சத்தம் கேட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டது. எவ்வளவு நேரம் என்பதில் எனக்கு உறுதியில்லை. அன்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. அது என் தவறு.

இப்போது அந்தத் திருத்தம். அன்று காற்று எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்டபோது, மணிக்கு முப்பது மைல் இருக்கும் என்று சொன்னேன். தொப்பி பறந்ததற்குக் காரணம் வேண்டியிருந்தது. நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். காற்றடித்ததால் நேர்ந்த விபத்து என்று முடித்தீர்கள். நான் தினமும் ஆற்றங்கரையில் காற்றை அளக்கிறவள் என்பதால் யாரும் மறுபடி கேட்கவில்லை. உண்மையில் அன்று காலை என் கருவி காட்டியது நான்கு மைல். இந்த வசந்தத்தில் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். விமான நிலையத்தின் காற்றுப் பதிவையும் நம் கையிலிருக்கும் பதிவையும் ஒப்பிட வேண்டும். நான் ஆகஸ்ட் மாதத்தை எடுத்தேன். எல்லாப் புள்ளிகளும் ஒரு கோட்டில் விழுந்தன. உங்கள் கோப்பிலுள்ள முப்பது மட்டும் தனியாக உயரத்தில் நின்றது. அன்றிலிருந்து அதைப் பார்க்காமல் என்னால் தூங்க முடியவில்லை. அதை நான்கு என்று மாற்றுங்கள்.

காற்றையே நீங்கள் காரணமாக எழுதினாலும் ஊர் ஒனெசிமோவைத்தான் பிடித்துக்கொண்டது. இறங்கிப் பார்த்திருக்க வேண்டாமா என்றார்கள். அவர் வேலையை விட்டுவிட்டார். எலோய்சாவின் கடை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம், "தொப்பி இல்லப்பா. நான் பாத்தேன். தொப்பி இருந்தா தொடுவேனா?" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவர் சொல்வது சரி. இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் சக்கரத்தைத் தொடவில்லை என்பதையும்.

கைபேசி கீனோ மாமாவின் பையிலேயே இருந்தது. தண்ணீர் உள்ளே போய்விட்டது. வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவருக்காக இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள். அவர் கூப்பிட்டதாக வாரியத்தால் காட்ட முடியவில்லை. நூற்று இருபத்தொன்று நின்றது. அக்டோபர் கடைசிவரை ஆறு ஓடியது. எண்பத்தொன்பது நாள். அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

இந்த ஏப்ரலில் மறுபரிசீலனை முடிந்து, புதுக் காகிதத்தோடு மதகைத் திறந்தார்கள். புது நீர்க்கட்டி வந்திருக்கிறார். ஒழுங்கான ஆள், எல்லாம் விதிப்படி. யாரையும் கைபேசியில் கூப்பிட மாட்டார். காகிதம் அனுப்புவார். அது வர இரண்டு நாள் ஆகிறது. நாங்கள் போகும்போது குட்டை இருந்த இடத்தில் சேறு வெடித்துக் கிடக்கிறது. கொக்கின் காலடி, ரக்கூனின் காலடி. வேறு ஒன்றுமில்லை. ஹால்வர்சன் இப்போதெல்லாம் வண்டியை விட்டு இறங்குவதில்லை. நான் மட்டும் இறங்கி, முழங்காலிட்டு, வெடிப்புகளுக்குள் விரல் விட்டுத் தேடுகிறேன். இந்தக் கோடையில் முப்பத்தெட்டு குட்டைகள். எல்லாவற்றையும் பார்த்தேன், சிலவற்றை இரண்டு முறை. உயிருள்ள மீன் இல்லை. செத்த மீனும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை ஆண்டறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். இந்த ஆறு எண்ணப்படத் தொடங்கியதிலிருந்து செத்த மீன்களின் கட்டத்தில் சைபர் எழுதிய முதல் கோடை இதுதான். அந்தச் சைபரைச் சரிபார்த்தேன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஒரு மீன்கூடச் சாகவில்லை.